கையெழுத்து வாங்கும் முன் எங்களைக் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவர். என் மகள் அங்கேதான் படிக்கிறாள். வீட்டில் தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைக்கிறேன். வெங்காயம் எடுக்கும் காலத்தில் காட்டு வேலைக்கும் போவேன். என் படிப்பு பிளஸ் டூவோடு நின்றுவிட்டது.

பிள்ளைகள் குறைந்துபோன அரசுப் பள்ளிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. அதிகாரிகள் கருத்துச் சொல்கிறார்கள், ஆசிரியர் சங்கங்கள் அறிக்கை விடுகின்றன, கல்வியாளர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் பேசி நான் படித்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவைத் திரும்ப அமைத்தார்கள். முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர், பதவிக்காலம் இரண்டு ஆண்டு. தலைவராக இருக்க யாரும் முன்வராததால் என்னை இருக்கச் சொன்னார்கள். சரி என்றேன். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஹெச்.எம். டீச்சர் போன் செய்தார். "ஒரு கையெழுத்து வேணும், வந்துட்டுப் போயிடும்மா" என்றார். தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று தலைப்புப் போட்ட நான்கு பக்கத் தாள். எல்லாக் கட்டமும் நிரப்பியாயிற்று. சுற்றுச்சுவர் வேண்டும், ஸ்மார்ட் வகுப்பறை வேண்டும், கணினி வேண்டும். கீழே என் பெயர், அதன் பக்கத்தில் கையெழுத்துக்கு இடம்.

போடப் போன கை ஒரு இடத்தில் நின்றுவிட்டது. மாணவர் எண்ணிக்கை 67 என்று இருந்தது. எங்கள் பள்ளியில் அன்றைக்குப் பிள்ளைகள் 24. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு எழுதியதை எடுத்து, ஊர்ப் பெயரை மாற்றியவர்கள் எண்ணிக்கையை மாற்ற மறந்திருந்தார்கள்.

ஹெச்.எம். டீச்சரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு பேர்தான். பாடம் நடத்த வேண்டும், எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் தினமும் விவரம் ஏற்ற வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும், சத்துணவுக் கணக்கைப் பார்க்க வேண்டும். "நாளைக்குள்ள அனுப்பணும்னு சொல்லிட்டாங்கம்மா, நான் என்ன பண்ணட்டும்" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எண்ணிக்கையை மட்டும் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை.

வட்டார வள மையத்தில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தபோது ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள். அன்று இரவு அதை எடுத்து உட்கார்ந்தேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆவது பிரிவு. மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கான மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது அந்தக் குழுவின் வேலை. 22-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அப்படித் தயாரித்த திட்டத்தின் அடிப்படையில்தான் அரசோ உள்ளாட்சியோ அந்தப் பள்ளிக்குத் திட்டமும் நிதியும் ஒதுக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசின் விதியில் அது மூன்று ஆண்டுக்கான திட்டம். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் வேண்டும், என்ன கட்டடம் வேண்டும், எவ்வளவு பணம் என்று ஆண்டுவாரியாக எழுத வேண்டும். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அது தயாராகிவிட வேண்டும்.

அதை மூன்று தடவை படித்தேன். எங்கள் ஊர்ப் பள்ளி இன்னும் மூன்று வருடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்பதை, வெங்காயம் அறுக்கிற நாங்கள் உட்கார்ந்து பேசி எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். கூட்டம் என்று பெயர்தான், ஏழு பேர் வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வைத்தால் வேறு யார் வருவார்கள்? நூறு நாள் வேலைக்குப் போனவர்களை மத்தியானமும் ஒரு தடவை நிற்க வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். அதில் இல்லை என்றால் அன்றைய கூலி போய்விடும். காட்டு வேலைக்குப் போனவர்கள் நாலரைக்கு மேல்தான் கரையேறுவார்கள். "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்க டீச்சர், நாங்க கூட்டிட்டு வர்றோம்" என்றேன். அவரும் மறுக்கவில்லை.

எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது பிள்ளையார் கோயில் மண்டபத்தைச் சொன்னேன். அங்கே மின்விசிறியும் வெளிச்சமும் உண்டு. குழுவில் இருக்கும் காலனி அக்கா ஒருவர் அப்போது ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்து நடந்து வரும்போது என் பக்கத்தில் வந்து, "அங்க எங்களால வந்து உட்கார முடியாது தங்கச்சி" என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அந்தத் தெருப் பிள்ளைகள். அவர்கள் வர முடியாத இடத்தில் உட்கார்ந்து பள்ளியைப் பற்றி என்ன முடிவெடுப்பது? ரேஷன் கடை வாசல் என்று முடிவானது. அது எல்லோரும் வரிசையில் நிற்கிற இடம்.

மார்கழி மாதம், ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி. நாற்பது பேர் வந்தார்கள். டீச்சர் சார்ட் கொண்டுவந்திருந்தார், ஆனால் வெளிச்சம் போதவில்லை, பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு பெண் எழுந்து போய் வீட்டிலிருந்து கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்தாள். தரையிலேயே ஊரைப் போட்டோம். நடுவில் பள்ளி, மேற்கே ஏரி, தெற்கே காலனி, வடக்கே காட்டுக்கொட்டாய்கள், கிழக்கே தார்ச்சாலை. தனியார் பள்ளி வேன் வந்து நிற்கிற இடங்களுக்குக் காவிப்பொடி. அப்புறம் ஒரு முறம் புளியங்கொட்டை கொண்டுவந்து, ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொட்டை என்று அவரவர் வீட்டு இடத்தில் வைக்கச் சொன்னோம். நம் பள்ளிக்கு வருகிற பிள்ளை என்றால் கொட்டையைப் பள்ளிக்கு நகர்த்த வேண்டும், வேனில் போகிற பிள்ளை என்றால் சாலைக்கு.

எண்ணிப் பார்த்தபோது மொத்தம் 58. பள்ளியில் 24, சாலையில் 30. நான்கு பிள்ளைகள் வெளியூரில் அம்மாயி வீட்டிலும் விடுதியிலும் இருந்து படிக்கிறார்கள். ஊரில் பிள்ளையே இல்லை, அதனால்தான் பள்ளி தேய்கிறது என்று நாங்களே இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். தரையில் கிடந்த கொட்டைகளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஒரு அப்பாயி தன் பேத்திக்கு வைத்த கொட்டையைப் பள்ளிக்கு நகர்த்தினார், திரும்ப எடுத்தார், கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். என்ன அப்பாயி என்று கேட்டேன். "வர்ற வருசம் வேன்ல அனுப்பலாம்னு இருக்கோம். புள்ள காலையில இருந்து தண்ணியே குடிக்க மாட்டேங்குது. கேட்டா, பாத்ரூம் கதவுக்குத் தாப்பாள் இல்ல, வெளியில பசங்க நிக்கிறாங்கங்குது" என்றார். கூட்டமே அமைதியாகிவிட்டது. என் மகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். அன்று இரவு அவளிடம் கேட்டேன். அவளும் தண்ணீர் குடிப்பதில்லையாம். தாழ்ப்பாள் 85 ரூபாய். மறுநாளே டீச்சர் வாங்கிப் போட்டுவிட்டார். சுற்றுச்சுவரும் ஸ்மார்ட் வகுப்பறையும் கேட்டு எழுதிய அந்த நான்கு பக்கத்தில் இந்தத் தாழ்ப்பாள் இல்லை.

வேனில் அனுப்புகிறவர்கள் ஏன் அனுப்புகிறார்கள் என்பதை வீட்டுக்கு வீடு போய்க் கேட்பது என்று அன்றைக்கே முடிவெடுத்தோம். இரண்டு இரண்டு பேராகப் போனோம். தை மாதம், வெங்காயம் எடுக்கும் நேரம், வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் காட்டுக்கே போய், வெங்காயம் சேர்த்து வைக்கும் பட்டறைப் பக்கத்தில் உட்கார்ந்தோம். சும்மா உட்கார்ந்து கேட்டால் பேச மாட்டார்கள். நாங்களும் அரிவாளை எடுத்து வெங்காயத் தாள் அரிந்துகொண்டே பேச்சுக் கொடுத்தோம்.

வேனில் அனுப்பும் வீடுகள் 21. எல்லோரும் முதலில் சொன்ன பதில் ஒன்றுதான், இங்கிலீஷ் மீடியம். கால் மணி நேரம் போன பிறகு வேறு பேச்சு வந்தது. வேன் காலை எட்டு மணிக்கு வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறது, சாயங்காலம் ஐந்தரைக்கு இறக்கிவிடுகிறது. நம் பள்ளி நாலு மணிக்கு மேல் விட்டுவிடும். அம்மா காட்டிலிருந்து வர ஆறு மணி ஆகும். வீட்டில் பெரியவர்கள் இல்லை. ஏரிக்கரையில் பிள்ளை தனியாகத் திரியும். "கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டறேன். ஆனா புள்ள எங்க இருக்குன்னு தெரிஞ்சு வேலை பாக்கறேன்" என்று ஒரு அம்மா சொன்னார். 21 வீட்டில் 11 வீடு இதைத்தான் சொன்னது.

காலைப் பிரச்சினைக்கு நம் பள்ளியில் தீர்வு வந்து நாளாகிவிட்டது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. எங்கள் ஊர் மகளிர் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். எட்டே காலுக்குப் பிள்ளை பள்ளியில் உட்கார்ந்து கிச்சடியோ பொங்கலோ சாப்பிடலாம். வேனில் அனுப்பும் வீடுகளில் பலருக்கு இது சரியாகத் தெரியவில்லை, ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தார்கள். சாயங்காலம் தான் பாக்கி. முன்பு இல்லம் தேடிக் கல்வி நடந்தபோது தன்னார்வலராக இருந்த பெண் ஊரில்தான் இருக்கிறாள். அவளைக் கேட்டோம். ஆறு மணி வரை பள்ளியிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள். அவளுக்கு மாதம் ஒரு தொகையைப் பெற்றோர் சேர்ந்து கொடுக்கிறோம். இதை அரசு செய்தால் இன்னும் நல்லது, அதையும் திட்டத்தில் எழுதியிருக்கிறோம். இன்னும் சிலர், டீச்சரை வேறு பள்ளிக்கு மாற்றுப் பணியில் அனுப்பிவிட்டால் ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டியிருக்கும் என்ற பயத்தைச் சொன்னார்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் மாற்றுப் பணி என்று வந்துவிட்டால் எங்களை யாரும் கேட்பதில்லை.

கட்டட விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். எங்கள் பள்ளியிலும் ஒன்று போனது. இடித்தது சரிதான், அதன் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. புதுக் கட்டடம் வரும் வரை பாதிப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் படித்தார்கள், மழை வந்தால் சமுதாயக் கூடத்தில்.

ஒருவழியாகப் புதுக் கட்டடத்துக்கு உத்தரவு வந்தது. ஓவர்சீயர் வந்து வடமேற்கு மூலையில் முளையடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். அந்த வாரம் எங்கள் கூட்டத்துக்கு எண்பது வயதைத் தாண்டிய தாத்தா ஒருவர் வந்திருந்தார். முன்னாள் மாணவர் என்று சொல்லி நாங்கள்தான் கூட்டி வந்தோம். கோட்டைப் பார்த்ததும், "இங்கயா கட்டப் போறாங்க? இது எங்கப்பா தூர்த்த கவலைக் கிணறுல்ல" என்றார்.

அந்த நிலம் அவருடைய அப்பா கொடுத்தது. 1958-ல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அப்போது காமராஜர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். அதற்குப் பிறகு ஊர் ஊராக மாநாடு போட்டு, மக்களே பள்ளிக்கு நிலமும் பெஞ்சும் கரும்பலகையும் சீருடைத் துணியும் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் கொடுத்த அரை ஏக்கரில், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக் கிணறும் ஒன்று இருந்தது. பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது என்று அவருடைய அப்பாவே வண்டி வண்டியாக மண் அடித்து மூடியிருக்கிறார். ஐப்பசி மழையில் அந்த மூலையில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்பதை நாங்கள் எல்லோரும் வருடா வருடம் பார்த்திருக்கிறோம். காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

தீர்மானம் எழுதி ஒன்றிய அலுவலகத்துக்கு எடுத்துப் போனோம். முதலில் நம்பவில்லை. பிறகு ஜே.சி.பி. வைத்துத் தோண்டிப் பார்த்தார்கள். ஆறடியில் கிணற்றின் கல்கட்டு வளைவாகத் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கல்லுக்கு நடுவே கறுப்பு மண், தொட்டால் ஈரம். அதன் மேல்தான் எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பறை வரவிருந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் ஓவர்சீயர். "யாரும் கேட்கலையே சார்" என்றார் தாத்தா. இப்போது நாற்பது அடி தள்ளிக் கட்டுகிறார்கள், லிண்டல் மட்டம் வந்திருக்கிறது.

இதற்கிடையில் இன்னொரு பேச்சு கிளம்பியது. எங்கள் பள்ளியை நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம், இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நடுநிலைப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று எங்கேயோ பேசியிருக்கிறார்கள். உத்தரவு எதுவும் இல்லை, வாய்வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தைக்கே மூன்று வீடுகள் பயந்துபோய் வேனுக்கு முன்பணம் கட்டிவிட்டன. தொடக்கப் பள்ளி என்றால் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். திருச்சி-சென்னைச் சாலையை ஆறு வயதுப் பிள்ளை எப்படிக் கடக்கும்? இணைப்பைப் பற்றி யோசிக்கிறவர்கள், பெயர் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு நாள் காலை எட்டரைக்கு வந்து அந்தச் சாலை ஓரத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இணைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து ஒரு குறுவள மையம் என்பார்கள். எங்கள் குறுவள மையத்தில் ஆறு பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாகத் திட்டம் எழுதினால் எல்லோரும் கணினிதான் கேட்போம், பக்கத்துப் பள்ளியை நினைக்க மாட்டோம். அதனால் பங்குனியில் ஆறு பள்ளிப் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். இப்படி உட்காரச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் இல்லை, நாங்களாகவே கூடினோம். எழுபது பேர் இருக்கும்.

அதில் ஒரு ஊரின் பள்ளியில் ஒன்பதே பிள்ளைகள். அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒரு அப்பா எழுந்தார். "ஒன்பது புள்ளைங்க, அஞ்சு வகுப்பு. என் பையன் மூணாவதுல ஒருத்தன்தான். கபடி விளையாட ஆள் இல்லை, கேள்வி கேட்டா போட்டிக்குச் சொல்ல ஆள் இல்லை. பக்கத்து ஊருக்கு அனுப்ப எங்களுக்குச் சம்மதம். ஆனா வண்டி வேணும், கூட ஒரு பொம்பளை ஆள் வரணும். கட்டடத்தைப் பூட்டிப் போடக் கூடாது, அங்கன்வாடியை அங்க கொண்டாந்து வைங்க" என்றார். அவர் பேசி உட்காரும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. அவரும் அவருடைய அப்பாவும் படித்த பள்ளி அது.

அதே ஊரில் மேலேயிருந்து ஒரு உத்தரவு வந்து பூட்டியிருந்தால், மறியல் நடந்திருக்கும், பிள்ளைகள் நாலு திசைக்கும் சிதறியிருப்பார்கள். 2019-ல் பிள்ளைகள் இல்லாமல் போன 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளைத் தமிழக அரசு நூலகங்களாக மாற்றியது. அந்த ஊர்களில் பிள்ளைகள் இருபதாக இருந்தபோதே, பதினைந்தாகக் குறைந்தபோதே யாராவது போய்ப் புளியங்கொட்டை வைத்து எண்ணிப் பார்த்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

வண்டிக்கு வழி இருக்கிறது. தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துக்கும் வழிக்காவலருக்கும் பணம் கொடுக்க ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலேயே இடம் உண்டு. அதைச் சேர்த்து, ஆறு பள்ளிக்கும் ஒரே திட்டமாக எழுதினோம். யாருக்கு வகுப்பறை முதலில், யாருக்குத் தண்ணீர்த் தொட்டி, ஆங்கிலம் நன்றாக நடத்தும் ஆசிரியர் வாரம் ஒரு நாள் எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்பது வரை பேசினோம். எங்களுக்கு வர வேண்டிய டிவியை இன்னொரு ஊருக்கு விட்டுக்கொடுத்தோம். அங்கே கேட்கவும் பேசவும் சிரமப்படும் பிள்ளைகள் இருவர் படிக்கிறார்கள். எங்கள் ஊர் இளைஞர்கள் பலர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் வாட்ஸ்அப்பில் இந்தக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் அடிக்கப் பணம் தருவதாகச் சொன்னார்கள். பணத்தோடு, மாதம் ஒரு தடவை கூட்டத்திலும் கலந்துகொள்ளுங்கள் தம்பி என்று கேட்டிருக்கிறேன்.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியின் தீர்மானங்கள் ஒன்பதையும் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் ஏற்றினோம். இரண்டு முடிந்தது. மூன்றுக்குப் பரிசீலனையில் இருப்பதாக வாய்மொழியாகச் சொன்னார்கள். மீதி நான்குக்கும் பதிலே இல்லை. மே 1 கிராம சபையிலும் எழுந்து படித்தேன், பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நாற்பது பேரை நான் எந்த முகத்தோடு கூப்பிடுவேன்? கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள் அவர்கள்.

கல்வித் துறை அதிகாரிகள் இதைப் படித்தால் அவர்களிடம் கேட்பது அதிகமில்லை. திட்டத் தாளை நாளைக்குள் அனுப்பு என்று தலைமை ஆசிரியரை விரட்டாதீர்கள். இரண்டு மாதம் கொடுங்கள். கூட்ட நாளையும் நேரத்தையும் அந்தந்த ஊர் வேலைக்குத் தகுந்த மாதிரி ஊரே முடிவு செய்யட்டும். குறுவள மையத்தில் உள்ள பள்ளிப் பெற்றோர் எல்லோரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது சேர்ந்து உட்கார ஒரு உத்தரவு போடுங்கள், அதில் வட்டாரக் கல்வி அலுவலரும் ஒன்றியப் பொறியாளரும் கடைசி வரை இருக்கட்டும். ஒரு பள்ளியை இணைப்பதோ, ஆசிரியரை மாற்றுப் பணியில் அனுப்புவதோ, கட்டடத்துக்கு இடம் குறிப்பதோ எதுவானாலும், முடிவெடுப்பதற்கு முன் அந்த ஊர்க் குழுவின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். 31 ஆகிவிட்டால் 25,000. ஜூனில் ஐந்தாம் வகுப்பு முடித்து நான்கு பேர் ஆறாவதுக்குப் போனார்கள். புதிதாக ஒன்பது பேர் சேர்ந்தார்கள், அதில் மூன்று பேர் வேனை விட்டு வந்தவர்கள். இப்போது 29. அந்த அப்பாயியின் பேத்தியும் எங்கேயும் போகவில்லை. இன்னும் இரண்டு பிள்ளைகள் வேண்டும். ஏரிக்கரைத் தெருவில் இரண்டு வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். புதுக் கட்டடத்துக்குத் தளம் போட்ட பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.

என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹெச்.எம். டீச்சருக்கு இதனால் எந்தச் சங்கடமும் வரக் கூடாது. இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டினேன். 67 என்று எழுதியதையும் போடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, போடும்மா என்றார்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
பெரம்பலூர் மாவட்டம்.